காலணி கழற்றிய சிப்பாய்

தொண்ணூற்றாறு பேருக்கு முகம் தீட்டி முடித்திருந்தாள் எல்னா. தொண்ணூற்றேழாவது ஆளிடம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

பிப்ரவரி மாதத்து முற்பகல். வயல்களின்மேல் படிந்த பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழ வேண்டும் என்பதற்காக அவள் சமையலறை மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு, மரக்கட்டையில் ஒட்டியிருந்த சிப்பாயைத் திருப்பினாள். நின்றால் சுண்டுவிரல் உயரம் இருப்பான். ஆனால் இவன் மண்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலை மடிமேல் தூக்கி, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ சொல்லத் திரும்பியிருந்தான்.

உடம்பு முழுக்கச் சாம்பல் அடிப்பூச்சுதான். ஆனாலும் முகம் தெளிவாக இருந்தது. மேலுதடு பற்களை முழுதாக மூடவில்லை. தாடை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. தொப்பிக்குக் கீழே இடது காது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

எல்னா தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். துணியில் துடைத்தாள். வண்ணக் குப்பிகளை ஒவ்வொன்றாக மூடினாள். அதன்பிறகுதான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அது அவள் மகன் எஸ்கிலின் முகம். எஸ்கில் இறந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

உருவங்களைச் செய்பவன் ஆஸ்மூஸ். தொழிலில் அவன் பல் கட்டுபவன். நாற்பது வருடம் அந்த வட்டாரத்து வாய்களுக்கெல்லாம் பொய்ப்பல் செய்து கொடுத்த அதே எஃகு ஊசிகளாலும் கரண்டிகளாலும் ஓய்வு நேரத்தில் சிப்பாய்களைச் செதுக்கினான். கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுவான். இரண்டு நிறப் பசையைப் பிசைந்து அதன்மேல் சதை ஏற்றுவான். பசை இறுகுவதற்குள் கோட்டு மடிப்பையும் பொத்தானையும் பிடித்துவிடுவான். தீட்டுவது எல்னா. முப்பத்திரண்டு வருடமாக இருவரும் சேர்ந்துதான் செய்கிறார்கள். கண்காட்சிகளில் நடுவர்கள் காலர் விளிம்பின் சிவப்பைப் பற்றிச் சண்டை போடும்போது ஆஸ்மூஸ் கொட்டாவி விடுவான், எல்னா எழுந்து நின்று பதில் சொல்வாள்.

எஸ்கில் ஆப்கானிஸ்தானில் இறந்தபின் மூன்று வருடம் அவள் தூரிகையைத் தொடவில்லை. மறுபடி தொட்டபோது ஆஸ்மூஸ் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் பழங்காலத்து ஆட்களாகவே இருந்தார்கள். ஈட்டிக்காரர்கள், முரசடிப்பவர்கள், வாள் தூக்கிய குதிரைவீரர்கள். எஸ்கில் போட்டிருந்ததுபோன்ற மணல் நிறச் சீருடையில் ஒருவனைக்கூட அவன் அதன்பிறகு செய்யவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

இப்போது செய்துகொண்டிருந்தது ஊர் அருங்காட்சியகத்துக்கான டயோரமா, சிறு உருவங்களால் அமைத்த ஒரு போர்க்களக் காட்சி. சாப்பாட்டு மேசை அளவுக் கண்ணாடிப் பெட்டிக்குள், டேனிஷ் படை பிரஷ்யர்களிடம் தோற்ற டியூபெல் மேட்டின் ஒரு கொத்தளமும் அதன் பதுங்குகுழியும். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு, ஏப்ரல் பதினெட்டு, காலை எட்டு மணி. விடியுமுன்பே பிரஷ்யப் பீரங்கிகள் தொடங்கிவிட்டன. பத்து மணிக்கு அவர்கள் ஏறி வருவார்கள். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நூற்று இருபது டேனிஷ் சிப்பாய்கள் குழிக்குள் ஒண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்; அதுதான் காட்சி.

எல்னா சிப்பாயைக் கட்டையோடு எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். காரை எடுத்துக்கொண்டு ஆஸ்மூஸ் வீட்டுக்குப் போனாள்.

அவன் நிலவறைப் பட்டறையில் இருந்தான். படியில் காலடி கேட்டதும் திரும்பாமலே குரல் கொடுத்தான்.

"வா மகராணி. பொத்தான் எண்ணிக்கை தப்புன்னு சொல்ல வந்தியா? ஆறுதான். மூணு தடவ எண்ணிட்டேன்."

எல்னா கைக்குட்டையைப் பிரித்து, கட்டையை அவன் முன்னால் வைத்தாள்.

"யாரு இது?"

ஆஸ்மூஸ் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"தெரிஞ்சிருச்சா."

"பெத்தவளுக்குத் தெரியாம போகுமா?"

"தெரியும்னுதான் நெனச்சேன். தெரியாம போயிருந்தா அதுவும் எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்திருக்கும்."

"பேச்சை வளக்காத. எப்படிச் செஞ்ச? ஃபோட்டோ வெச்சா?"

அவன் கீழ் இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தான். சுண்ணாம்பில் வார்த்த பல்வரிசை, மேலும் கீழும். அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: எஸ்கில், பதின்மூன்று வயது. பல்லுக்குக் கம்பி போடுவதற்காக அன்றைக்கு எடுத்த அச்சு.

"கடையை மூடினப்போ எல்லார் பல்லையும் குப்பையில கொட்டினேன். எட்டு மூட்டை. இத மட்டும் போட முடியல," என்றான் ஆஸ்மூஸ். "தாடை இதுலேருந்து வந்துது. மத்ததெல்லாம் எனக்கே ஞாபகம் இருந்துது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். அதுக்குத்தாண்டா கேக்கணும்!"

பட்டறைச் சுவரில் பட்டு அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. ஆஸ்மூஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவளைக் குத்திக்கொண்டிருந்தது முகம் மட்டுமல்ல.

"முகத்தை விடு. காலணி? அது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"நடிக்காத. அவன் காலணியைக் கழட்டிட்டு உக்காந்திருந்தது. சவப்பெட்டியோட கூட வந்த பையன் எங்கிட்டத் தனியா சொன்னது அது. அன்னைக்குக் காலையில குதிகால்ல கொப்புளம், காலைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, சாக்ஸைத் திட்டித் திட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சான்னு. அப்புறம்தான் கெளம்பச் சொன்னாங்களாம், போனவன் திரும்பல. அத நான் யாருக்கும் சொன்னதில்ல. அவன் அப்பாவுக்குக்கூடச் சொல்லல."

ஆஸ்மூஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எல்னா, நீதான் சொன்ன. அடக்கம் முடிஞ்சு தேவாலயக் கூடத்துல எல்லாரும் காப்பி குடிச்சிட்டு இருந்தாங்க. நீ கோட்டு மாட்டுற எடத்துல நின்னுட்டிருந்த. என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு மூணு தடவ சொன்ன. 'சிரிச்சிட்டிருந்தானாம் ஆஸ்மூஸ், சிரிச்சிட்டிருந்தானாம்'னு."

அவளுக்கு அது நினைவில் இல்லை. அந்த நாளில் நினைவிருந்ததெல்லாம் சர்க்கரைக் கிண்ணத்தில் யாரோ ஈரக் கரண்டியை விட்டிருந்தது ஒன்றுதான். தான் ஒருத்தி மட்டுமே சுமப்பதாக நினைத்திருந்ததை இவனும் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போது ஆறுதலாகவா இருந்தது? இல்லை, பறிகொடுத்தது போல இருந்தது.

"அவனைக் கொண்டுபோய் எங்க உக்கார வெச்சிருக்கன்னு பாத்தியா?" என்றாள். "மணி எட்டு. பத்துக்கு வருவானுங்க. அந்தப் பெட்டிக்குள்ள எப்பவுமே ரெண்டு மணி நேரம்தான் பாக்கி. ஒரு தடவ பத்தலையா உனக்கு?"

அவள் சிப்பாயை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியேறினாள்.

மூன்று வாரம் அவள் ஒரு சிப்பாயையும் தொடவில்லை. அருங்காட்சியகத்தைக் கவனிக்கும் வீபெக்கே தொலைபேசியில் அழைத்தாள்.

"எல்னா, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. ஏப்ரல் பதினெட்டுக்கு அழைப்பெல்லாம் அனுப்பியாச்சு. ஆஸ்மூஸ் ஒரு டப்பா கொடுத்துட்டுப் போயிருக்கார். அந்த எடத்துக்கு வேற ஆள்னு சொன்னார். என்ன விஷயம்னு கேட்டா, 'நான் பண்ணின முட்டாள்தனம்'னு மட்டும் சொல்றார்."

அவள் போய் வாங்கிவந்த டப்பாவுக்குள் வாளி தூக்கிய ஒருவன் இருந்தான். நல்ல வேலைப்பாடு. முகம் யாருடையதும் இல்லை. எல்னா ஒரே பகலில் அவனைத் தீட்டி முடித்தாள். கை தடுமாறவே இல்லை. மாலையில் அவனைக் காய வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தச் சுலபம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சன்னல் கட்டையில் எஸ்கில் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தான், இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபடி. உடைக்க மனம் வரவில்லை. தீட்டவும் வரவில்லை. இதைத் தான் ஒருத்தியாகத் தீர்மானிக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை துறைமுக ஊரான ஆபன்ராவுக்குக் கிளம்பினாள். அங்கேதான் ஹோல்கர் இருந்தான், எஸ்கிலின் அப்பா. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். எஸ்கில் இறந்த வருடமே இருவரும் பிரிந்தார்கள். பிரிந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பேச்சு. எஸ்கிலின் அறையை ஒழிக்கும்போது, அலமாரியில் எல்னா தீட்டி வைத்திருந்த காலாட்படை வரிசையைக் காட்டி ஹோல்கர் கத்தினான்: "வீடு பூரா சிப்பாய். நாலு வயசுலேருந்து இதையே பாத்து வளந்தா பையனுக்கு வேற என்னடி தோணும்?" அவளால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதே கேள்வியை அவளும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தீட்டிய ஒவ்வொரு முகத்தையும் அவள் அந்தக் கேள்வியோடுதான் தீட்டினாள். மறுபடி தொட்டபின் நிறுத்தாமல் தீட்டியதும் அதனால்தானோ என்னவோ.

ஹோல்கர் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. உள்ள வரலாமா?"

"வா, வா. ஷூவைக் கழட்டாத, தரை சில்லுன்னு இருக்கு."

சமையலறையில் கறுப்பு ரொட்டியும் பாதி தீர்ந்த ஈரல் விழுதும் அப்படியே இருந்தன. அவன் காப்பி ஊற்றினான். எல்னா சிப்பாயை மேசைமேல் வைத்து, ஆஸ்மூஸ் செய்ததையும், கொப்புளம் பற்றி அந்தப் பையன் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஹோல்கர் எழுந்துபோய், மின்மீட்டர் எண்களைப் படிக்க வைத்திருந்த உருப்பெருக்கியை எடுத்துவந்தான். சன்னலுக்குத் திரும்பி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தான்.

"காது சரியா இருக்கு," என்றான் கடைசியில்.

"ஆமா."

"எங்கிட்ட ஏன் கொண்டுவந்த?"

"உனக்கும் பாத்தியதை இருக்கு. ஒடைன்னு சொன்னா ஒடச்சிடறேன். அந்தக் குழிக்குள்ள கொண்டுபோய் வெக்கிறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. நானே அவனைச் சிப்பாயா அங்க வெச்சா, நீ அன்னைக்குச் சொன்னது உண்மைன்னு ஆயிடும்."

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியாத மாதிரி கேக்காத, ஹோல்கர். வீடு பூரா சிப்பாய்னு சொன்னியே."

ஹோல்கர் உருப்பெருக்கியைக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்து, அவற்றையே பார்த்தான்.

"அது உண்மையில்ல," என்றான். "சொல்லும்போதே எனக்குத் தெரியும், உண்மையில்லன்னு."

"என்ன சொல்ற?"

"அவன் பட்டாளத்துல சேரப்போறேன்னு முதல்ல எங்கிட்டத்தான் வந்து சொன்னான். துறைமுகத்துக்கே வந்தான், சாப்பாட்டு நேரத்துல. கட்டட வேலை அலுத்துப்போச்சு, எங்கயாவது போகணும், கூடப் படிச்ச ரெண்டு பேர் சேந்திருக்காங்கன்னான். உன் பொம்மையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் 'போடா, ஒரு வருஷம் போயிட்டு வா, ஆம்பளையா வருவ'ன்னேன். 'அம்மாகிட்ட இப்ப சொல்லாத, கையெழுத்துப் போட்டப்புறம் சொல்லு'ன்னும் நான்தான் சொன்னேன்."

வெளியே ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பதினாலு வருஷம்," என்றாள் எல்னா.

"ஆமா."

"பதினாலு வருஷம் என் தலையில ஏத்திவெச்சிருந்திருக்க."

"ஆமா. கீழ எறக்கினா என் தலையில விழும். அதான்."

அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கோப்பையைத் தூக்கி எறிய வேண்டும்போலவும் இருந்தது. எழுந்தாள். சிப்பாயைக் கைக்குட்டையில் சுற்ற முயன்றாள், முனைகள் நழுவின. ஹோல்கர் அதை அவளிடமிருந்து வாங்கி, முனைகளை மடித்து, பதமாகச் சுற்றிக் கொடுத்தான்.

"நான் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு," என்றான் வாசலில். "கேக்க வந்த, அதனால சொல்றேன். ஒடைக்காத. அங்கயே வெய்யி."

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிடும் அங்க."

"முடியட்டும். இப்ப உக்காந்திருக்கான்ல? பேசிட்டிருக்கான்ல? தனியா மட்டும் வெக்காத. அவனுக்குத் தனியா இருக்கவே பிடிக்காது."

அவள் காருக்குப் போனாள். வழியில் ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதாள். எஸ்கிலுக்காக அழுதது எவ்வளவு, தனக்காக அழுதது எவ்வளவு என்று பிரிக்க முடியாத அழுகை அது.

மறுநாள் எட்டரை மணிக்கு வெளிச்சம் சரியாக விழுந்தது. எல்னா உட்கார்ந்தாள். முகத்துக்கு முதலில் கரும்பழுப்பு. பள்ளங்களிலெல்லாம் அது தங்க வேண்டும். அதன்மேல் தோல்நிறத்தை நீர்த்து நீர்த்து ஏழு தடவை. மூக்கு நுனியிலும் காது மடலிலும் சிவப்பு, ஏப்ரல் குளிருக்கு. கண்ணில் வெள்ளை வைக்கக் கூடாது. வைத்தால் பேயறைந்தவன்போல விழிப்பான். சாம்பல் கலந்த எலும்பு நிறத்தில் ஒரு கீற்று, அதற்குள் நீலத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைக்குமுன் அவள் மூச்சைப் பிடித்தாள். ஆயிரம் தடவை செய்த வேலைதான். வைத்தாள். அவன் பார்த்தான். கோட்டுக்குக் கறுப்பை ஒட்டிய சாம்பல், கால்சட்டைக்கு வெளிர்நீலம். குதிகாலில், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாலும், ஊசிமுனை அளவு இளஞ்சிவப்பு வைத்தாள்.

அது முடிந்ததும்தான் தொலைபேசியை எடுத்தாள்.

"பல்லுக்காரா, மிச்ச ஆளுங்களைக் கொண்டா. அப்படியே உன் ரம்பத்தையும் கொண்டா."

"ரம்பம் எதுக்கு?" ஆஸ்மூஸ் குரல் உள்ளே போயிருந்தது.

"இவன் பக்கத்துல நிக்கிறவன் எங்கயோ வானத்தைப் பாத்துட்டிருக்கான். கழுத்தை அறுத்துத் தலையைத் திருப்பு. பேசறவனை ஒருத்தனாவது கேக்கணும்."

ஆஸ்மூஸ் அரை மணியில் வந்தான். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, தலைமுடி அளவு மெல்லிய ரம்பத்தால் அந்தப் பக்கத்து ஆளின் கழுத்தை அறுத்தான். துளை போட்டு, கம்பி செருகி, தலையைத் திருப்பி வைத்தான்.

"இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல திருப்பினா கழுத்து சுளுக்கிக்கும் அவனுக்கு."

"சுளுக்கட்டும். குனிய வெய்யி. இவன் உக்காந்திருக்கான்ல, காது கிட்ட வரணும்."

ஆஸ்மூஸ் குனிய வைத்தான். இடைவெளியில் பசையை நிரப்பி, காலரை மறுபடி செதுக்கினான். வேலை முடிந்து கைகழுவும்போது, முதுகைக் காட்டியபடியே சொன்னான்:

"கேட்டிருக்கணும் எல்னா. தப்புதான்."

"தப்புதான். காப்பி குடிச்சிட்டுப் போ."

ஏப்ரல் பதினெட்டு அன்று டயோரமாவைத் திறந்துவைத்தார்கள். பாதிரியார் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் பீரங்கியைப் பார்த்தார்கள், வாளைத் தூக்கிய அதிகாரியைப் பார்த்தார்கள். குழியின் மூலையில் ஒருவன் காலைத் தேய்த்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதையும் இன்னொருவன் குனிந்து கேட்பதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாளி தூக்கியவன் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஹோல்கர் வரவில்லை. அவள் அழைக்கவும் இல்லை.

மே மாதத்தில் ஒருநாள் வீபெக்கே தொலைபேசியில் சொன்னாள்:

"மழையில நனைஞ்சுக்கிட்டு ஒருத்தர் வந்தார். நாற்காலி மட்டும் கிடைக்குமான்னு கேட்டார். மூலைப் பக்கமாப் போட்டு உக்காந்து, நாங்க மூடற வரைக்கும் இருந்தார். போகும்போது நாற்காலிய அவரே எடுத்து வெச்சுட்டுப் போனார். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவர்தான்," என்றாள் எல்னா.

இரண்டு நாள் கழித்து அவள் ஹோல்கரை அழைத்தாள்.

"போயிருந்தியாமே."

"போயிருந்தேன்."

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல. பக்கத்துல இருக்கிறவன் நல்லாக் கேக்கறான்."

"அதுக்கு ஒருத்தன் கழுத்தையே அறுக்க வேண்டியதாப்போச்சு."

மறுமுனையில் சிரிப்புபோல ஒரு மூச்சு கேட்டது. எல்னா தொலைபேசியை வைத்துவிட நினைத்தாள். வைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு ஆஸ்மூஸ் வர்றான்," என்றாள். "எஸ்கிலைப் பத்தி நான் மறந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கு. நீ துறைமுகத்துல நடந்ததை அவன் முன்னாடியும் சொல்லணும். சொல்றதா இருந்தா வா."



"சொல்றேன்," என்றான் ஹோல்கர். "ரெண்டு மணிக்கு வந்துடறேன்."